கிட்டப் போகாமல் ஒரு படம்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் பண்ணைக் கடலில் தண்ணீர் மெல்ல இறங்கும். கரையோரச் சேற்றுத் திடல்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும். சோனகத் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கோட்டையைத் தாண்டி மண்டைதீவுப் பக்கம் போகும் வீதியில் நின்றால் இரு பக்கமும் பறவைகள். நீருக்குள் காலூன்றி நிற்கும் நாரைகள், சேற்றைக் கொத்தித் திரியும் உள்ளான்கள், வரிசையாக மிதக்கும் ஊசிவால் வாத்துகள். அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தக் கோட்டில் இளஞ்சிவப்பு ஓடும். அவைதான் பூநாரைகள்.

ஒரு காலையில் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீதியோரம் ஒரு வாகனம் வந்து நின்றது. இறங்கிய இளைஞர் இருவர் கையடக்கத் தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்தபடி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். நூறு மீற்றர் போவதற்குள் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்துவிட்டது. திரும்பி வந்தவர்களிடம் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மறுக்காமல் காட்டினார்கள். வானத்தில் தூசி பறப்பதுபோல் இருந்தது. அவர்களுக்குப் படமும் இல்லை, பறவைகளுக்கு அன்றைய காலைச் சாப்பாடும் இல்லை.

அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அழகான ஒன்றைக் கண்டால் கிட்டப் போக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே திடலில் நின்ற பூநாரைகளின் வளைந்த சொண்டு தெளிவாகத் தெரியும்படி நமது கல்லூரி உயர்தர மாணவியர் படம் எடுத்திருக்கிறார்கள். வீதியை விட்டு ஒரு அடியும் இறங்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு சிறிய தொலைகாட்டியும் வீட்டுக் கையடக்கத் தொலைபேசியும்தான். இதற்கு ஆங்கிலத்தில் டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். அது எப்படி என்று பல பெற்றோர் கேட்டதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. பூநாரையின் உயரம் ஏறத்தாழ 1.3 மீற்றர். அது 300 மீற்றர் தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழமையான கையடக்கத் தொலைபேசியின் பிரதான கமெரா அகன்ற பார்வை கொண்டது. அந்தத் தூரத்தில் அதன் படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை ஏறக்குறைய 275 மீற்றர் உயரம் அடங்கிவிடும். அதாவது பூநாரைக்குக் கிடைப்பது படத்தின் உயரத்தில் இருநூறில் ஒரு பங்கிலும் குறைவு. படத்தின் உயரம் 3000 பிக்சல் என்றால் பறவைக்கு 14 பிக்சல். பதினான்கு புள்ளிகளால் ஒரு பறவையை வரையச் சொன்னால் கைதேர்ந்த ஓவியராலும் முடியாது. திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் அந்தப் பதினான்கு புள்ளிகளும் பெரிய பதினான்கு புள்ளிகளாகும், அவ்வளவுதான்.

இப்போது அதே தொலைபேசியை 20 மடங்கு உருப்பெருக்கம் உள்ள தொலைகாட்டியின் பார்வைத்துண்டுக்குப் பின்னால் வையுங்கள். பதினான்கு, இருநூற்று எண்பது ஆகிறது. கண், சொண்டு, இறகின் மடிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். புகைப்படக்காரரின் மொழியில் சொன்னால், தொலைபேசி வில்லையின் குவியத்தூரம் பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் கணக்கில் சுமார் 26 மில்லிமீற்றர். அதை 20 ஆல் பெருக்கினால் 520. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் தோளில் சுமந்து நிற்கும் நீண்ட வில்லைகளின் அளவு அது. அந்த வில்லையின் விலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஒரு பெரிய ஆய்வுகூடத்து விஞ்ஞானி அல்லர். மலேசியாவைச் சேர்ந்த லோரன்ஸ் போ என்ற பறவை நோக்குநர். 1999ஆம் ஆண்டு தமது நிக்கொன் கூல்பிக்ஸ் 950 என்ற சிறிய டிஜிற்றல் கமெராவைத் தொலைகாட்டியின் பார்வைத்துண்டில் விளையாட்டாக வைத்துப் பார்த்தார். வந்த படம் அவரையே திகைக்க வைத்தது. அந்தக் கமெரா இன்றைய கணக்கில் மிகச் சாதாரணமானது, இரண்டு மெகாபிக்சல் அளவுதான். ஆனால் அதன் வில்லை சிறியது, பெரிதாக்கும்போது வெளியே நீளாதது. அதனால் பார்வைத்துண்டோடு அப்படியே பொருந்தியது. போ தாம் கண்டதை மறைத்து வைக்கவில்லை. உலகெங்கும் உள்ள பறவை நோக்குநர்களுக்கு எழுதிப் பரப்பினார். அதே ஆண்டில் அலன் பொஸ்ஸே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு டிஜிஸ்கோப்பிங் என்ற பெயரைச் சூட்டினார். போ 2004இல் காலமானார். இன்று நாம் செய்வது அவர் தொடக்கி வைத்ததைத்தான். கமெராவின் இடத்துக்குத் தொலைபேசி வந்திருக்கிறது.

பார்வைத்துண்டின் வழியாகப் படம் எடுப்பது அதற்கு முன்பும் வானியலாளருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பிலிம் காலத்தில் எடுத்தது சரியா பிழையா என்று தெரிய, சுருள் முடிந்து கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். திரையில் உடனே பார்த்து, பிழையைத் திருத்தி, மறுபடி எடுக்கலாம் என்ற வசதி வந்த பிறகுதான் இது சாதாரண மக்களின் கைக்கு வந்தது.

இனி, உள்ளே என்ன நடக்கிறது? தொலைகாட்டியின் முன்பக்கம் உள்ள பெரிய வில்லை பொருளி. தூரத்துப் பறவையிலிருந்து வரும் ஒளியைச் சேகரித்துக் குழாயின் உள்ளே ஒரு சிறிய விம்பத்தை அது உண்டாக்குகிறது. பார்வைத்துண்டு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போல அந்த விம்பத்தைப் பெரிதாக்கி, கதிர்களைச் சமாந்தரமாக வெளியே அனுப்புகிறது. நமது கண்ணின் வில்லை அந்தக் கதிர்களை விழித்திரையில் குவிக்கிறது. கண் இருக்கும் இடத்தில் தொலைபேசியை வைத்தால் அதன் வில்லை அதே கதிர்களை உணரித் தகட்டில் குவிக்கிறது. கமெராவைப் பொறுத்தவரை அது எங்கோ தொலைவில் உள்ள ஒரு காட்சியைப் படம் பிடிக்கிறது. இடையில் ஒரு தொலைகாட்டி இருப்பது அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் தாண்டிப் போக முடியவில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிதாபுல் மனாழிர் என்ற ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூலை எழுதினார். கண்ணிலிருந்து ஏதோ ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று அதற்கு முன் பெரிய அறிஞர்கள் பலர் நம்பியிருந்தார்கள். அவர் அதை மறுத்தார். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்வை உண்டாகிறது என்று பரிசோதனைகளோடு நிறுவினார். இருட்டறையின் சிறு துவாரத்தினூடாக ஒளி எப்படி நேர்கோட்டில் வருகிறது என்பதையும் ஆராய்ந்தார். ஐக்கிய நாடுகள் சபை 2015ஐ உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது அவரது நூலின் ஆயிரமாவது ஆண்டும் நினைவுகூரப்பட்டது. பூநாரையை நோக்கித் தண்ணீரில் இறங்கிய அந்த இளைஞர்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம். பார்ப்பதற்கு நாம் அங்கே போக வேண்டியதில்லை. ஒளி ஏற்கெனவே இங்கே வந்துகொண்டிருக்கிறது, அதைச் சேகரிக்க ஒரு பெரிய வில்லை இருந்தால் போதும்.

எவ்வளவு பெரிய வில்லை? கடையில் தொலைகாட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உருப்பெருக்கத்தைத்தான் கேட்பார்கள். அது பிழை. பொருளியின் விட்டத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். பார்வைத்துண்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் அதன் நடுவில் ஒரு சிறிய ஒளி வட்டம் தெரியும். உள்ளே வந்த ஒளி முழுவதும் அந்த வட்டத்தினூடாகத்தான் வெளியே வருகிறது. அதன் விட்டம், பொருளியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது. 60 மில்லிமீற்றர் பொருளி, 20 மடங்கு என்றால் வட்டம் 3 மில்லிமீற்றர். அதே தொலைகாட்டியை 60 மடங்குக்குத் திருகினால் 1 மில்லிமீற்றர். தொலைபேசிக் கமெராக்களின் வாய் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஆகவே 20 மடங்கில் கமெராவின் வாய் நிறைய ஒளி கிடைக்கும். 60 மடங்கில் விம்பத்தின் பிரகாசம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். படம் இருளும், அசையும், மங்கும். எங்கள் அனுபவத்தில் 20க்கும் 30க்கும் இடையில் எடுத்தவைதான் தேறின. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மடங்கைக் கண்டு மயங்க வேண்டாம்.

நான் எடுத்த முதலாவது படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்புத் திரையின் நடுவே ஒரு முழு நிலவு. நிலவுக்குள் எதுவுமே இல்லை. தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த 3 மில்லிமீற்றர் வட்டத்தைத் தேடியதால் வந்த வினை. கமெராவின் வாய் அந்த வட்டத்துக்கு நேராகவும், பார்வைத்துண்டிலிருந்து சரியான தூரத்திலும் இருக்க வேண்டும். அந்தத் தூரம் பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீற்றர் வரை வரும். கிட்டப் போனாலும் விலகினாலும் ஓரங்கள் கறுக்கும். கையால் பிடித்து இதைச் செய்வது ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே நடப்பது போன்றது.

இதற்கென்று இணைப்பிகள் விற்கிறார்கள். நாங்கள் வாங்கவில்லை. பழைய தொலைபேசி உறை ஒன்றும், பார்வைத்துண்டின் மேல் இறுக்கமாக உட்காரும் மருந்துப் போத்தல் மூடி ஒன்றும் எடுத்தோம். மூடியின் நடுவில் துளையிட்டு, உறையில் கமெரா இருக்கும் இடத்துக்கு நேராக ஒட்டினோம். முதல் தடவை ஒட்டியது அரை மில்லிமீற்றர் விலகிப் போய், எல்லாப் படமும் பிறைநிலாவாக வந்தது. இரண்டாம் தடவை பசை காய்வதற்கு முன் தொலைபேசியை இயக்கி, திரையில் வட்டம் நடுவில் வரும்வரை நகர்த்திப் பிறகு காயவிட்டோம். அதன்பின் தொல்லை இல்லை. வட்டத்தின் கறுப்பு ஓரத்தைப் போக்கத் தொலைபேசியில் சற்றுப் பெரிதாக்கினால் போதும். இரண்டு மூன்று கமெரா உள்ள தொலைபேசிகள் அப்படிப் பெரிதாக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் வேறு கமெராவுக்கு மாறிவிடும். திரை திடீரென்று இருண்டால் காரணம் அதுதான். மாறுகிற அளவுக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது அசைவு. தொலைகாட்டி பறவையை 20 மடங்கு பெரிதாக்கும்போது நமது கை நடுக்கத்தையும் 20 மடங்கு பெரிதாக்குகிறது. உறுதியான முக்காலி இல்லாமல் இந்த வேலைக்கு இறங்குவதில் பயனில்லை. பண்ணையில் காற்றுக்குக் குறைவே கிடையாது. முக்காலியின் கால்களை நீட்டாமல் தாழ்வாக வைத்து, நடுவில் ஒரு கல்லைப் பையில் கட்டித் தொங்கவிட்டால் ஆடாது. திரையை விரலால் தட்டும்போதும் அசையும். இரண்டு செக்கன் தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பல தொலைபேசிகளில் காதுக்கருவி வயரில் உள்ள ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினாலும் படம் பிடிக்கும். காற்றில் பறக்கும் முந்தானை முக்காலியில் சிக்கிப் படம் கெட்ட கதை எங்களிடம் நிறைய உண்டு, பறவைகளும் அதைக் கண்டு மிரளும். முந்தானையை முடிந்துகொள்ளுங்கள். வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது அதே முந்தானையைப் பார்வைத்துண்டின் மேல் போர்த்திப் பிடித்தால் திரையும் தெளியும், படமும் வெளிறாது.

முதலில் கண்ணால் பார்த்துத் தொலைகாட்டியைத் தெளிவாக்குங்கள். பிறகு தொலைபேசியைப் பூட்டித் திரையில் பறவையின் கண்ணைத் தொடுங்கள். கொக்கும் பூநாரையும் வெள்ளைப் பறவைகள். கமெரா சுற்றியுள்ள சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பறவை சுண்ணாம்பு பூசிய சுவர் போல் வரும். தொட்ட இடத்தில் விரலை வைத்துக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் இறகுகள் பிரிந்து தெரியும். இருபது படம் எடுத்தால் ஒன்று நன்றாக இருக்கும். பத்தொன்பதை அழிப்பதற்குத் தயங்கக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தொலைகாட்டியை எந்தக் காரணத்துக்காகவும் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். ஒரு கணத்தில் கண்பார்வை போய்விடும். சின்னப் பிள்ளைகள் அருகில் இருந்தால் பெரியவர் ஒருவர் தொலைகாட்டியை விட்டு நகரக் கூடாது.

நேரத்துக்கு வருவோம். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வீதியின் மேற்குப் புறக் கடலைப் பாருங்கள். அசருக்குப் பிறகு மறுபுறம். காலை ஒன்பது மணிக்குப் பின் எவ்வளவு நல்ல தொலைகாட்டியாலும் பயனில்லை. ஆழமில்லாத நீரும் சேறும் சூடேறி, அவற்றின் மேலுள்ள காற்று அலையாடத் தொடங்கும். வெப்பமான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் முறிப்பதால் பூநாரையின் கால்கள் தண்ணீரில் கரைவது போல நெளியும். தொலைகாட்டி அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். சுபஹு தொழுதுவிட்டுப் புறப்படுகிறவர்களுக்கு இது பிரச்சினையே அல்ல. வடபகுதியில் இன்னொரு கவனமும் தேவை. முகாம்கள், காவலரண்கள் இருக்கும் திசையில் தொலைகாட்டியைத் திருப்ப வேண்டாம். யாராவது வந்து கேட்டால் திரையில் உள்ள பறவையைக் காட்டுங்கள். எங்களிடம் கேட்ட ஒருவர் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

பண்ணையோடு நின்றுவிட வேண்டியதில்லை. அராலிப் பாலம், தொண்டைமானாறு, தீவுப்பகுதி வீதிகள் எல்லாமே வாகனத்தை விட்டு அதிகம் விலகாமல் பார்க்கக்கூடிய இடங்கள். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015இல் தேசிய பூங்காவானது, அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். புத்தளம் களப்போரம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பிட்டிப் பக்கத்துப் பறவைகள் ஏற்கெனவே பழக்கமாக இருக்கலாம். வீட்டு முற்றத்திலும் தொடங்கலாம். சுலைமான் நபி (அலை) அவர்களிடம் செய்தி கொண்டுவந்ததாகச் சூரா அந்நம்லில் வரும் ஹுத்ஹுத், நமது ஊர்க் கொண்டலாத்திதான். பனங்காணித் தரையில் கொத்தித் திரியும்போது அதன் கொண்டை விரிவதைத் தொலைகாட்டியில் ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தூரத்தில் நின்று எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? கரைப்பறவைகள் பலவும் ஐப்பசி அளவில் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் இங்கு வந்து, பங்குனி சித்திரையில் திரும்புகின்றன. திரும்பும் பயணத்துக்கு வேண்டிய எரிபொருள் அவற்றின் உடலிலுள்ள கொழுப்பு. புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் சில இனங்கள் தமது வழமையான எடையின் அரைப்பங்குக்கும் மேல் கொழுப்புச் சேர்க்கும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களின் முதுகில் சிறு கருவிகளைப் பூட்டி, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய்த் திரும்புவதைக் கண்டறிந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பயணிக்கு ஒரு காலையில் மூன்று முறை வீணாகப் பறக்க நேர்வது சிறிய இழப்பல்ல. எழும்பிப் பறக்கும் காட்சி அழகாக இருக்கும் என்று கல்லெறிவோரையும் கண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் பறவையை உறுதியாக அடையாளம் காண அதைச் சுட்டு வீழ்த்துவதுதான் வழி. பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாக இங்கிருந்த வின்சன்ட் லெக், இலங்கைப் பறவைகளைப் பற்றி 1880இல் முடித்த பெரும் நூல் அப்படிச் சேகரித்த உடல்களை வைத்தே எழுதப்பட்டது. அவரைத் தாழ்த்திச் சொல்லவில்லை, அன்று வேறு வழியில்லை. இன்று ஒரு தெளிவான படம் அந்த வேலையைச் செய்கிறது. போர் நடந்த நீண்ட காலம் நமது குடாநாட்டின் பறவைகளைத் தொடர்ந்து கவனித்து எழுத எவருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. நமது பிள்ளைகள் திகதியும் இடமும் குறித்து எடுக்கும் படங்களைக் கோர்னல் பல்கலைக்கழகம் நடத்தும் இபேர்ட் பதிவேட்டில் சேர்க்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவுக்கும் அனுப்பலாம்.

பெற்றோரின் கேள்வி செலவைப் பற்றியது. தொடக்கநிலைத் தொலைகாட்டி ஒன்று நடுத்தரக் கையடக்கத் தொலைபேசியின் விலைக்குள் அடங்கும். ஒரு வகுப்புக்கு ஒன்று போதும். வெளிநாட்டிலுள்ள மாமாவோ சாச்சாவோ ஊருக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்லி வையுங்கள். இருகண் நோக்கி வீட்டில் இருந்தால் அதன் ஒரு பக்கத்தில் தொலைபேசியை வைத்தும் பழகலாம். உருப்பெருக்கம் குறைவு, பாடம் ஒன்றுதான். கூட ஒரு பெரியவர் வர வேண்டும் என்பதால் எங்கள் குழுவில் இப்போது மூன்று வாப்பாமாரும் ஓர் உம்மாவும் நிரந்தர உறுப்பினர்கள். அந்த உம்மாதான் எங்களில் முதலாவதாக நெடுங்கால் உள்ளானையும் பவளக்காலியையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்லப் பழகியவர்.

சென்ற மாசியில் ஒரு மாணவி எடுத்த கருவால் மூக்கனின் படத்தைத் திரையில் விரித்துப் பார்த்தபோது, அதன் காலில் சிறிய பிளாஸ்டிக் கொடி ஒன்று இருந்தது. கண்ணால் பார்த்தபோது எவருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட கொடிகளின் நிறம் எந்த நாட்டில் பூட்டப்பட்டது என்பதையும், எழுத்துகள் எந்தப் பறவை என்பதையும் சொல்லும். இரண்டு எழுத்துகளை வாசித்துவிட்டோம். மூன்றாவதைச் சேறு மறைத்திருந்தது. கொஞ்சம் கிட்டப் போனால் தெரியும் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் அவளை இருக்கச் சொன்னார்கள். பறவை எப்போதாவது தண்ணீருக்குள் இறங்கிக் காலைக் கழுவும் என்று முக்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். எட்டரை மணிக்குக் காற்று நெளியத் தொடங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனோம். அது அதே திடலில்தான் நின்றது, இந்த முறை மற்றக் காலில்.